ஆபீஸுக்குள் மட்டும் திறந்த பக்கம்

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் பழைய கம்பெனியிலிருந்து செல்வம் போன் செய்தான். என் காலத்தில் புரோகிராமராகச் சேர்ந்தவன், இப்போது அங்கே டீமுக்குத் தலைவன். புதிதாக வந்த பிள்ளைகள் பழைய புரோகிராம் ஒன்றைத் திறந்து பார்த்தார்களாம். அதன் நடுவில், "இப்போது திறந்திருக்கும் பக்கத்தின் முகவரி என்ன என்று அப்ளிகேஷனிடம் கேட்காதே. கேட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் எஸ்தரிடம் கேள்" என்று என் பெயரைப் போட்டு நான் எழுதி வைத்திருப்பதைப் பார்த்துச் சிரித்தார்களாம்.

"ஒரே வரியில கிடைக்கிற விஷயம்க்கா. கம்ப்யூட்டர்கிட்ட கேட்டா அதுவே எழுதிக் குடுத்துடுது. இதுக்குப் போயி இம்புட்டு பயமுறுத்தல் எதுக்கு, யாரு இந்த எஸ்தர்னு கேக்குறாங்க" என்றான்.

"சிரிச்சாங்களா?"

"சும்மா வெளையாட்டுக்குத்தான்க்கா. நீங்க ஒரு பக்கம் எழுதி அனுப்புங்களேன், படிச்சுத் தெரிஞ்சுக்குவாங்க."

எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. போனை வைத்த பிறகும் தனியாக முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வயதானால் இப்படித்தான் என்று என் மருமகள் சொன்னாள். அது வயதால் வந்ததல்ல, கோபத்தால் வந்தது. ஒரு பக்கம் கேட்டான். ஒரு பக்கத்தில் அடங்காது.

என் படிப்பையும் பயிற்சியையும் சொல்லி நேரத்தைக் கடத்தப் போவதில்லை. மிஷன் பள்ளியில் பன்னிரண்டு, பிறகு தட்டச்சு, பிறகு கம்ப்யூட்டர் வந்ததும் அதில் டேட்டா என்ட்ரி. தட்டச்சு தெரிந்தவள் என்பதால் வேலை கிடைத்தது, தப்பைக் கண்டுபிடிப்பவள் என்பதால் வேலை நிலைத்தது. வில்லாபுரத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் இருந்த அந்தச் சின்ன கம்பெனியில் பதினெட்டு வருடம் இருந்தேன். கல்லூரிகளுக்கு இணையத்தில் விண்ணப்பம் வாங்கும் அப்ளிகேஷன் செய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. புரோகிராம் எழுதியவர்கள் வேறு ஆட்கள். அதைச் சோதித்துப் பார்ப்பதும், விண்ணப்பித்தவர்கள் போன் செய்தால் பதில் சொல்வதும் என் வேலை.

மேனேஜர் ராஜசேகரன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு ஒருநாளும் பார்த்ததில்லை. சத்தம் போடுகிறவர்களிடமாவது திருப்பிச் சத்தம் போடலாம். இவரிடம் ஒரு புகாரைக் கொண்டுபோனால், "அப்படியா?" என்பார். உட்கார்ந்த இடத்திலேயே தன் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறப்பார். அது திறந்ததும் திரையை நம் பக்கமாகத் திருப்பி, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி, "எனக்குத் திறக்குதேம்மா" என்பார். அதோடு விசாரணை முடிந்தது. புகார் நோட்டில் ஊர், பெயர், கோளாறு, காரணம் என்று கட்டங்கள் உண்டு. காரணம் என்ற கட்டத்தில் பச்சை மையால் 'பயனர் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். நோட்டைப் புரட்டினால் பக்கம் பக்கமாகப் பச்சை. உலகத்தில் இருக்கிற எல்லோரும் தப்புச் செய்கிறார்கள், எங்கள் மாடியில் இருந்த பதினோரு பேர் மட்டும் செய்யவில்லை!

நானும் அந்தப் பதினோரு பேரில் ஒருத்திதான். போனில் நான் சொல்லும் பதில்களை எழுதி மேஜையில் ஒட்டி வைத்திருந்தேன். லிங்கை மறுபடி அழுத்துங்கள். போனை அணைத்துப் போடுங்கள். மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள், டவர் கிடைக்கும். பக்கத்து வீட்டுப் போனில் முயற்சி செய்யுங்கள். அதைக் கிளிப்பிள்ளை போல ஒப்பிப்பேன். திரையின் உச்சியில் என்ன முகவரி தெரிகிறது என்று ஒருவரிடமும் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வருடம் ஒரு செவிலியர் கல்லூரியின் சேர்க்கை வேலை எங்களிடம் வந்தது. கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். இடம் கிடைத்த மாணவிக்கு மெயில் போகும். அதில் ஒரு லிங்க் இருக்கும். அதை அழுத்தினால் அவள் பெயரோடு ஒரு பக்கம் திறக்கும். மாற்றுச் சான்றிதழைப் படம் பிடித்து ஏற்றிவிட்டு, 'சேர விரும்புகிறேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். குறித்த நாள் மாலை ஐந்து மணிக்குள் அழுத்தாவிட்டால் அப்ளிகேஷன் தானாகவே அவளை 'விருப்பமில்லாதவர்' என்று குறித்துக்கொண்டு, பெற்றோர் போனுக்கு ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பிவிடும். அந்த இடம் அடுத்த பட்டியலுக்குப் போய்விடும். பதில் வரவில்லை என்பதும் விருப்பமில்லை என்பதும் ஒன்றா? அன்று எனக்கும் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

முதல் பட்டியல் ஒழுங்காக முடிந்தது. இரண்டாம் பட்டியலுக்கு முன்பு ராஜசேகரன் சார், கூட்டம் தாங்க வேண்டும் என்று, அப்ளிகேஷன் ஓடும் கம்ப்யூட்டருக்கு முன்னால் புதிதாக இன்னொரு மெஷினை வைக்கச் சொன்னார். வெளியிலிருந்து வருபவர்கள் முன் மெஷினுக்கு வருவார்கள். அது உள்ளே இருக்கிற பழைய மெஷினிடம் பக்கத்தை வாங்கிக் கொடுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மெயிலில் போகும் லிங்கைத் தயாரிக்கும் வரி பழைய மெஷினில் இருந்தது. "இப்போது இருக்கும் பக்கத்தின் முகவரி என்ன?" என்று அது அப்ளிகேஷனையே கேட்டு, வந்த பதிலின் முன்பகுதியை எடுத்து, மாணவியின் எண்ணை ஒட்டி அனுப்பும். முன்பு அந்த மெஷினே வாசலில் இருந்ததால் ஊருக்குத் தெரிந்த முகவரியைச் சொன்னது. இப்போது உள்ளே போய்விட்டதால், முன் மெஷின் தன்னை எந்த எண்ணில் கூப்பிட்டதோ அந்த எண்ணைச் சொல்லிவிட்டது. அந்த எண் எங்கள் கட்டடத்துக்குள் மட்டும் செல்லும். கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயரை விட்டுவிட்டு, 'மாடிப்படி ஏறி இடது பக்கம்' என்று மட்டும் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்த கதைதான்.

நான் சோதித்தேனா என்றால், சோதித்தேன். எனக்கே மூன்று மெயில் அனுப்பி, மூன்று லிங்கையும் என் மேஜையில் உட்கார்ந்து திறந்தேன். மூன்றும் திறந்தன. கட்டடத்துக்குள் இருக்கிறவளுக்கு மாடிப்படியும் இடது பக்கமும் தெரியாதா? என் கைபேசியில்கூடப் பார்த்தேன். ஆபீஸ் வாசலை மிதித்ததுமே எங்கள் எல்லோருடைய போனும் வைஃபையைப் பிடித்துக்கொள்ளும் என்பதை யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மெயில்கள் போயின. புதன்கிழமை காலையிலிருந்து போன் அடிக்க ஆரம்பித்தது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், எல்லாப் பக்கமிருந்தும் ஒரே புகார்தான், பக்கம் திறக்கவில்லை. நான் என் பாடத்தை ஒப்பித்தேன். நோட்டு நிரம்பியது. ராஜசேகரன் சார் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"ரெண்டாவது லிஸ்ட்ல எல்லாம் கிராமத்துப் பிள்ளைங்கம்மா. மெயில்னா என்னன்னே தெரியாது. பாதிப் பேரு வேற காலேஜ்ல சேர்ந்திருக்கும். எனக்குத் திறக்குது பாரு."

அவர் சொன்னதை நம்பினேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

அந்தப் புகார்களில் ஒன்று பாண்டீஸ்வரியுடையது. சோழவந்தானைத் தாண்டி ஒரு ஊர். அப்பா வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்க்கிறவர். புதன்கிழமை மூன்று முறை போன் செய்தாள். மொட்டை மாடிக்குப் போகச் சொன்னேன். "எங்க வீட்ல மாடி இல்ல மேடம், தண்ணித் தொட்டி மேல ஏறிப் பார்க்கவா?" என்று கேட்டாள். சரி, ஏறிப் பார் என்றேன். சொல்லவே கூசுகிறது.

வியாழக்கிழமை காலை அப்பாவும் மகளும் பஸ் பிடித்து நேரிலேயே வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கு எங்கள் ஆபீஸில் இரண்டு மரியாதை உண்டு. ஒரு டம்ளர் தண்ணீர், பிறகு வைஃபை பாஸ்வேர்டு. மாடியில் டவர் சரியாகக் கிடைக்காது என்பதால் அதைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தோம். முன்மேஜைப் பெண் பாண்டீஸ்வரியின் போனை வாங்கி வைஃபையில் சேர்த்துக் கொடுத்தாள். பாண்டீஸ்வரி லிங்கை அழுத்தினாள். பளிச்சென்று திறந்தது. அவள் பெயர், அப்பா பெயர், எல்லாம் வந்தது.

பாண்டீஸ்வரி திகைத்துப்போய்த் திரையையே பார்த்தாள். "நேத்தெல்லாம் திறக்கவே இல்லையே மேடம்!"

அவள் அப்பா தவமணி, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவரிடம் நான் சொன்ன வார்த்தை அப்படியே நினைவிருக்கிறது.

"பாத்தீங்களாண்ணே, திறக்குதுல்ல? எங்க பக்கம் ஒண்ணும் இல்ல. பிள்ளைக்குத்தான் சரியாப் பார்க்கத் தெரியல."

மாற்றுச் சான்றிதழை அவர்கள் எடுத்து வரவில்லை. அது இல்லாமல் பொத்தானை அழுத்த முடியாது. "வீட்டுக்குப் போயி நிதானமா ஏத்துங்க, நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு" என்று ராஜசேகரன் சார் புன்னகையோடு அனுப்பி வைத்தார். படியிறங்கும்போது தவமணி மகளிடம், "அவங்களுக்குத் திறக்குது, உனக்கு மட்டும் எப்படித் திறக்காமப் போகும்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி ஆனது. அப்ளிகேஷன் தன் வேலையைப் பிசகாமல் செய்தது. இரண்டாம் பட்டியலில் பொத்தானை அழுத்தாதவர்களின் பெற்றோருக்கெல்லாம், 'தங்கள் மகள் சேர விருப்பம் தெரிவிக்கவில்லை' என்று செய்தி போய்விட்டது.

திங்கட்கிழமை காலை பாண்டீஸ்வரி போன் செய்தாள்.

"மேடம், நான் விருப்பமில்லைன்னு எதையுமே அமுக்கலையே. எப்படி அப்படி வந்துச்சு?"

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். லிங்கை மறுபடி ஒருமுறை...

"எல்லாம் பண்ணிட்டேன் மேடம். உங்க ஆபீஸ்ல திறந்துச்சு, பஸ்ஸுல வரும்போது பார்த்தேன், திறக்கல. சோழவந்தான்ல எறங்கிப் பார்த்தேன், திறக்கல. மேல ஒரு நம்பர் இருக்கு மேடம். நீங்க அதைக் கேக்கவே மாட்டேங்கிறீங்க. வாசிக்கவா?"

"வாசிம்மா" என்றேன், சீக்கிரம் போனை வைத்தால் போதும் என்ற நினைப்பில்.

"ஒண்ணு ஒம்போது ரெண்டு. புள்ளி. ஒண்ணு ஆறு எட்டு. புள்ளி..."

அவள் முடிக்கும் முன்பே மீதி எண்ணை நானே சொன்னேன். வீட்டுக்குள்ளும் ஆபீஸுக்குள்ளும் மட்டும் புழங்கும் எண்கள் எப்படித் தொடங்கும் என்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அது எங்கள் உள் மெஷினின் எண். படித்து முடித்த நாங்கள் பதினோரு பேரும் ஒரு வாரம் பார்க்காததை, தண்ணீர்த் தொட்டி மேல் நின்றுகொண்டு, இப்போதுதான் பள்ளி முடித்த ஒரு பெண் பார்த்திருக்கிறாள்.

என் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மில்லைத் தாண்டி ரோட்டுக்கு வந்து அந்த லிங்கை அழுத்தினேன். திறக்கவில்லை. மேலே ஓடிவந்து பட்டியலைப் பார்த்தேன். இரண்டாம் பட்டியல் முழுவதிலும் 'சேர விரும்புகிறேன்' என்று அழுத்தியிருந்தது ஒரே ஒரு பெண். யாரென்று பார்த்தால், வில்லாபுரத்துப் பெண். எல்லாச் சான்றிதழையும் கையில் எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தே அழுத்திவிட்டுப் போனவள்.

ராஜசேகரன் சாரிடம் போனேன். அவர் திரையைத் திருப்பப் போனார். "வேணாம் சார், கீழ ரோட்டுக்கு வந்து பாருங்க" என்றேன். அவர் வரவில்லை. செல்வத்தைக் கூப்பிட்டார். கல்லூரிப் பக்கத்தின் வெளி முகவரியை அமைப்பில் ஒரே இடத்தில் எழுதி வைத்து, லிங்க் எப்போதும் அதிலிருந்தே தயாராகும்படி மாற்றச் சொன்னார். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்து, "மூணாவது லிஸ்ட் புதன்கிழமை போகும். அது கரெக்டாப் போகும். போனது போகட்டும்" என்றார்.

"காலேஜுக்குச் சொல்லணும்ல சார்?"

"சொன்னா அடுத்த வருஷம் வேலை வருமா? நம்ம சோத்துல நாமளே மண்ணள்ளிப் போடச் சொல்றியாம்மா?"

"அந்தப் பிள்ளைங்க சோத்துல போட்டாச்சே சார்!"

"எஸ்தர், உணர்ச்சிவசப்படாத. அவங்க முயற்சி பண்ணியிருக்கணும். வேணும்னு நினைக்கிறவங்க எப்படியாவது வந்திருப்பாங்க."

வந்தாள் சார், பஸ் பிடித்து வந்தாள், நாமதான் அவ அப்பா முன்னாடியே அவளை முட்டாளாக்கி அனுப்பினோம் என்று கத்தினேன். மில் ஓடுகிற சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும். அந்த ஆபீஸில் நான் கத்தியது அன்றுதான். அவர் முகம் மாறவேயில்லை. பச்சைப் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த நோட்டை அவர் மேஜையிலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கல்லூரி திறந்ததும் பதிவாளர் அம்மா முன்னால் நின்றேன். வயதானவர், கண்டிப்பானவர். நோட்டைப் புரட்டினார். ஒரே நாளில் அத்தனை ஊர்களிலிருந்தும் வந்த ஒரே புகாரையும், பக்கத்திலேயே பச்சை மையில் 'பயனர் தவறு' என்று இருப்பதையும் விரலால் தடவிக்கொண்டே போனார். நடந்ததை நான் சொன்னேன்.

"தப்பு உங்க பக்கம்னு எழுதிக் குடுப்பீங்களா? எழுத்துல இல்லாம நான் நிர்வாகத்துக்கிட்டப் பேச முடியாது."

வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி எழுதினேன். மெயிலில் தவறான முகவரி சென்றது எங்கள் பிழை, மாணவிகள் யாரும் சேர மறுக்கவில்லை என்று எழுதி, என் பெயரையும் கையெழுத்தையும் போட்டேன். மத்தியானம் வரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பிறகு கூப்பிட்டு, மூன்றாம் பட்டியலை நிறுத்தி வைத்திருப்பதாகவும், இரண்டாம் பட்டியல் மாணவிகள் வியாழக்கிழமை பெற்றோரோடு நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். இனி லிங்கை நம்ப அவர்கள் தயாராக இல்லை. அதில் என்ன தப்பு?

கம்பெனி பிறகு கல்லூரிக்கு ஒரு கடிதம் அனுப்பியது. 'தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால்' என்று இருந்தது அதில். தவிர்க்க இயலாதா? ஒரே ஒருவர் மாடியிலிருந்து இறங்கி ரோட்டில் நின்று பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம். என்னைப் போன் மேஜையிலிருந்து தூக்கி, மூலையில் ஃபைல்களை ஸ்கேன் செய்யும் வேலைக்கு மாற்றினார்கள். ராஜசேகரன் சார் போகும்வரை அங்கேதான் இருந்தேன். அந்த எச்சரிக்கையை நான் புரோகிராமுக்குள் எழுதியது அந்தச் சமயத்தில்தான், செல்வத்தின் உதவியோடு.

இதை எழுதும்போது மறுபடியும் கோபம் வருகிறது. ஆனால் நான் எழுத வந்தது என் மேஜை போனதைப் பற்றியல்ல.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே கல்லூரி வாசலில் நின்று ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தேன். சிலர் அழுதார்கள், சிலர் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டு, இடம் இருக்கிறது, வியாழக்கிழமை அப்பாவோடு வா என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்பா வர மாட்டாரு மேடம்" என்றாள். "எனக்குப் படிக்கப் பிடிக்கலைன்னு, நான்தான் வேணும்னே அமுக்காம இருந்துட்டு நாடகம் ஆடுறேன்னு நெனைக்கிறாரு. மெசேஜ் வந்ததுல இருந்து எங்கிட்டப் பேசறதே இல்ல. கப்பலூர்ல ஒரு கம்பெனியில சேத்து விடறேன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டாரு. அந்த நம்பரை அவர்கிட்டக் காட்டினேன் மேடம். ஆபீஸ்ல திறந்துச்சேன்னு கேக்குறாரு. நான் என்ன சொல்றது?"

"போனை அவர்கிட்டக் குடும்மா."

வெகுநேரம் கழித்து, "சொல்லுங்க" என்று தவமணியின் குரல் வந்தது.

"அண்ணே, நான் எஸ்தர். அன்னைக்கு ஆபீஸ்ல பார்த்தீங்களே. உங்க பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல. நாங்க அனுப்புன முகவரி தப்பு. அது எங்க கட்டடத்துக்குள்ள மட்டும்தான் திறக்கும். வெளிய எங்க வச்சுப் பார்த்தாலும் திறக்காது. பிள்ளை சொன்னது அம்புட்டும் உண்மை."

அவர் திருப்பிக் கேட்டார்.

"பிள்ளைக்குத்தான் பார்க்கத் தெரியலைன்னு நீங்கதானம்மா சொன்னீங்க?"

"ஆமாண்ணே. நான்தான் சொன்னேன். நான் சொன்னது தப்பு."

"இம்புட்டுப் படிச்சவங்க, கம்ப்யூட்டர வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனைச்சேன். அஞ்சு நாளா அது சோறு திங்கலம்மா. பெத்த பிள்ளைய நம்பாம உங்கள நம்பிட்டேன்."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு போனை முகத்திலிருந்து விலக்கி, "ஏய் பாண்டி, இங்க வா" என்று கூப்பிட்டார். அவள் வருவதற்குள் மறுபடி என்னிடம் கேட்டார்.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்மா?"